ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

நுஹ்மான் தன் மகனின் ரத்தத்தை மீன் பெட்டிக்குள் வைத்தது நல்லெண்ணத்தில்தான். கேட்டால், இந்த உலகத்தில் தான் செய்த பிழைகளில் முக்கால்வாசி நல்லெண்ணத்தில் செய்தவை என்பான். மிச்சம் கால்வாசி பகிடிக்கு, சிரிப்புக்காகச் செய்தவை.

இந்த விஷயத்தில் இரண்டும் கலந்திருந்தன. ஓகஸ்ட் லீவில் மகன் ஷிஃபானுக்குச் சுன்னத்து வைப்பதென்று ஏற்பாடு. இரத்தோட்டையில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் இளம் டொக்டர்தான் அந்தப் பக்கத்துப் பையன்களுக்கெல்லாம் வெட்டிவிடுகிறவர். முன்கூட்டிக் காட்டப் போன இடத்தில், "பிள்ளைக்கு எப்பவாவது ரத்தம் போயிருக்கா?" என்று கேட்டார். ஓம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நுஹ்மானுக்கு அது வராது.

"மூக்கால வரும் டொக்டர். வந்தா நகரசபை பைப் மாதிரித்தான். அடைக்க ஆள் வரணும்."

பக்கத்தில் நின்ற அவனுடைய அக்கா, றமீஸா ராத்தா, நெற்றியில் அடித்துக்கொண்டாள். டொக்டர் சிரிக்கவில்லை. ரத்தம் ஒழுங்காக உறைகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்றை எழுதினார். நர்ஸைக் கூப்பிட்டு அங்கேயே ஷிஃபானின் கையிலிருந்து எடுக்கவும் வைத்தார். நீல மூடி போட்ட சின்னக் குழாய். அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு நுஹ்மானிடம் நீட்டிய நர்ஸ், "நேரா மாத்தளைக்குக் கொண்டு போய் லெப்ல குடுங்க. சுணங்கினா பழுதாயிரும்" என்றாள்.

வாலிப வயதிலிருந்து மீன் விற்கிறவனிடம் போய், பழுதாகிவிடும் என்று சொன்னால் அவன் கை எங்கே போகும்? வெளியே அவனுடைய மோட்டார் சைக்கிள் நின்றது. பின்னால் பெட்டி, பெட்டி நிறைய ஐஸ், ஐஸுக்குள் காலையில் விற்று மிஞ்சிய சாலயாவும் அரைப் பாரையும். ஷிஃபானையும் றமீஸாவையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பாரையை ஒரு பக்கம் ஒதுக்கி, நல்ல ஐஸாகப் பார்த்துக் குழியெடுத்து, மகனின் ரத்தத்தை அதற்குள் பத்திரமாகப் புதைத்தான். மேலேயும் கொஞ்சம் ஐஸ் போட்டான். சொந்த ரத்தம் அல்லவா.

தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்குப் பிரிகிற சந்தியில் இராமையா கையைக் காட்டி மறித்தார். வாராவாரம் மீன் வாங்குகிறவர், தோட்டத்து வாச்சர்.

"என்னங்க மொதலாளி, கண்டும் காணாம போறீங்க? இன்னைக்கு வெள்ளியும் இல்ல, செவ்வாயும் இல்ல. நாங்க திங்கிற நாளாப் பாத்துத்தான் ஓடுறீங்க."

"அவசரம் அண்ணே. ஆஸ்பத்திரி வேல."

"அவசரமா ஒரு கிலோ நிறுத்துட்டு, அவசரமாவே போங்க. யாரு புடிச்சு வச்சா?"

பெட்டி திறக்கிற சத்தத்துக்கு லயத்திலிருந்து பெண்கள் தட்டும் கோப்பையுமாக இறங்கி வந்தார்கள். இராமையா தானே கைவிட்டு மீன் பொறுக்குகிற பழக்கக்காரர். பை அவர் கையில் அகப்பட்டது.

"இது என்னங்க, புதுசா சோஸும் விக்கிறீங்களா?"

"வைங்க அண்ணே, வைங்க. மகன்ட ரத்தம்."

பெண்கள் ஓரடி பின்னால் போனார்கள். இராமையா அந்தப் பையை, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதைப் போல ஐஸின் மேல் திரும்ப வைத்தார். கையை வேட்டியில் துடைத்தார். பிறகு என்ன ஏது என்று எல்லோருக்கும் விளக்க வேண்டியதாகிவிட்டது. தாயில்லாமல் வளருகிற பிள்ளை என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். "தாய் இருக்கா, குவைத்துல இருக்கா" என்று இன்னொருத்தி திருத்தினாள். அனுதாபத்தில் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடவே வாங்கினார்கள். அனுதாபத்தை நிறுத்துக் கொடுக்க நேரம் எடுக்கும். நுஹ்மான் மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது.

லெப் கவுண்டரில் நிரோஷா என்ற பிள்ளை பையை இரண்டு விரலால் வாங்கியது.

"அண்ணே, என்ன வாசம் இது?"

"சாலயா, தங்கச்சி. பொடி சாலயா."

"எப்ப எடுத்தது?"

"இப்பத்தான்" என்றான். அவன் மீனைப் பற்றியும் எல்லோரிடமும் இதைத்தான் சொல்வான்.

*

றிப்போட் வந்ததை டிஸ்பென்சரி டொக்டர் இரண்டு தடவை பார்த்தார். ரத்தம் உறைய எடுக்கிற நேரம் கூடிப்போயிருக்கிறது என்றார்.

"கூடன்னா?"

"கூடத்தான். இப்ப ஒண்ணும் சொல்ல ஏலா. பிள்ளைகள் டொக்டருக்குக் காட்டுங்க."

"வெட்டலாமா, ஏலாதா டொக்டர்?"

"பாப்போம்."

எழும்பும்போது இன்னொன்றும் சொன்னார். சில பையன்களுக்கு ரத்தம் உறையாத நோய் பிறவியிலேயே இருக்கும்; அந்த வருத்தம் பெரும்பாலும் உம்மா வழியாகத்தான் வரும். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.  றமீஸா வீட்டுக்கு வந்து பாரை மீன் ஆணத்துக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பித்தாள்.

"மூணு வயசுலேருந்து இந்த ஆறு வயசு வரைக்கும் நான் சோறு தீத்தி வளத்த புள்ள. ரத்தம் மட்டும் அந்தப் பக்கத்தால வந்து ஈக்கு."

"ராத்தா, ரத்தம் அந்தப் பக்கம்னா மூக்கு நம்ம பக்கம். ரெண்டு பக்கமும் குத்தம்தான்."

"உனக்கு எல்லாம் பகிடி. கலியாணத்துக்கு முந்தி விசாரிச்சிருக்கணும்."

"என்னத்த விசாரிக்க? உங்க மகள்ட ரத்தம் உறையுமா மாமின்னா? துடைப்பத்தாலதான் பதில் செல்லி ஈப்பாங்க."

முற்றத்தில் சாதிக்காய் காய்ந்துகொண்டிருந்தது. ஷிஃபான் அதில் ஒரு காயை உருட்டி விளையாடிக்கொண்டு, யாருடைய ரத்தத்தைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பது போல இருந்தான்.

நுஹ்மானுக்குப் பயம் பிள்ளையைப் பற்றித்தான். ஆனால் அந்தப் பயத்துக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. அவன் மனைவி றுக்ஸானா குவைத்துக்குப் போகும்போது ஷிஃபானுக்கு மூன்று வயது நிரம்பவில்லை. இடையில் வரவேயில்லை. அவள் வேலை செய்கிற வீட்டு மேடம் நோய்க்கு லீவு தர மாட்டாள், பெருநாளுக்குத் தர மாட்டாள். ஆனால் மகனுக்குச் சுன்னத்து என்றதும் அரபிக்காரியால் மறுக்க முடியவில்லை. பத்து நாள் என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை வந்த நாளிலிருந்து நுஹ்மான் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான், தலைமயிருக்குக் கறுப்பும் போட்டான். விடியக்காலையில் திருகோணமலை மீன் லொறிக்காக நாவுல சந்தியில் நிற்கிறபோது, அவள் எப்போதோ அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் கேட்பான். அதில் ஒன்றுமில்லை. ஷிஃபானுக்குச் சவுக்காரத்தை மாற்றச் சொல்லுகிறாள். தோல் காய்ந்திருக்கிறது என்கிறாள். கடைசியில், "சரி, வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைக்காமல் கொஞ்ச நேரம் இருக்கிறாள். நுஹ்மான் கேட்பது அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான்.

சுன்னத்து இல்லையென்றால் லீவு இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

மேடம் பகல் உறங்குகிற நேரம் பார்த்து அழைத்தான். றிப்போட் விஷயத்தைச் சொன்னான். பயப்பட வேண்டாம், பெரிய டொக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று சேர்த்துச் சொன்னான். அவள் முதலில் ஷிஃபானைப் பற்றிக் கேட்டாள், எங்கே, என்ன செய்கிறான், சாப்பிட்டானா. பிறகு, "அப்ப இப்ப வெக்க வேணாம். அவசரம் என்னத்துக்கு? பொறகு பாக்கலாம்" என்றாள்.

"பொறகுன்னா டிக்கட்?"

"பாப்போம்."

"நீ வாறியா இல்லியா புள்ள?"

"பாப்போம்ன்றேனே. மேடம் எழும்புறா, வெக்கிறேன்."

இந்தத் தடவை உடனேயே வைத்துவிட்டாள். நுஹ்மான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தே அது எந்த நாள் பிடிபட்டது என்று சொல்லுகிறவன் அவன். அவள் குரலில் அழுகை இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒரு சுமையை இறக்கி வைத்தது போல ஏதோ இருந்தது. அது என்னவென்று அவனுக்குப் பிடிபடவில்லை.

*

பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகள் டொக்டர் பெயர் கமலாட்சி. மாத்தளை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், பென்ஷனுக்குப் பக்கத்தில் நிற்கிற வயசு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு றிப்போட்டைப் பார்த்தார். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"இந்தப் பேப்பர் இருக்கட்டும். குழாய்க்குள்ள ரத்தம் எப்புடி உறையுதுன்னுதான் இது சொல்லும். பிள்ளைக்குள்ள எப்புடின்னு தெரியணும்னா உங்களத்தான் கேக்கணும். மூக்குல ரத்தம் வந்துச்சுன்னு எழுதியிருக்கு. எவ்வளவு நேரம்?"

நுஹ்மான் வாயைத் திறந்தான். நகரசபை பைப் நாக்கு நுனி வரை வந்தது. றமீஸா அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"தேத்தண்ணி ஒண்ணு குடிச்சு முடிக்க நிண்டுரும் டொக்டர்."

"எப்ப வரும்?"

"வெயில் காலத்துல. மூக்க நோண்டினா."

"நான் நோண்டுறல்ல" என்றான் ஷிஃபான், நோண்டிக்கொண்டே.

டொக்டர் சிரித்தார். அடுத்து அவர் கேட்டவைதான் நுஹ்மானைத் திணறடித்தன. தொப்புள்கொடி விழுந்தபோது ரத்தம் வடிந்ததா? தடுப்பூசி போட்ட இடம் வீங்கிக் கறுத்ததா? முதல் பல் வரும்போது? நடக்கப் பழகும்போது விழுந்த இடமெல்லாம் பெரிதாகக் கன்றிப் போனதா? அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் காலமெல்லாம் அவன் இரத்தோட்டை ரோட்டில் ஹோர்ன் அடித்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

"பிள்ளையோட அம்மாவுக்குத் தெரியும்ல. எங்க அவங்க?"

"குவைத்துல டொக்டர்."

"ஃபோன் இருக்கா? எடுங்க. எனக்கு அவங்களோட பேசணும்."

வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். நல்லவேளையாக றுக்ஸானா எடுத்தாள். மேசைமேல் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா, நான் மாத்தளை ஆஸ்பத்திரி டொக்டர். பயப்பட வேணாம். உங்க மகன் சின்னதா இருந்தப்ப ரத்தம் வந்ததெல்லாம் ஞாபகம் இருக்கிற மாதிரி சொல்லுங்க."

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கொடி ஒரு வெள்ளிக்கிழம காலையில விழுந்திச்சி டொக்டர். ரத்தம் இல்ல, காய்ஞ்சு விழுந்திச்சி. ஊசி போட்ட எடம் ஒரு தரம் மட்டும் தடிச்சிச்சி, இடது தொடை. ஐஸ் வெச்சேன், அடுத்த நாள் போயிட்டு. பைப்படியில விழுந்து மேல் உதடு வெடிச்சிச்சி, அப்ப அவனுக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். சீனி அமுக்கினேன். ரத்தம் நிக்க முந்தி அழுக நிண்டுட்டு, சீனிய நக்கினான். பொறகு தேங்கா சிரட்டைல பெருவிரல வெட்டிக்கிட்டான். அந்தத் தழும்பு இப்பவும் ஈக்கும், பாருங்க, நகத்துக்குக் கீழ."

டொக்டர் ஷிஃபானின் கையைத் திருப்பினார். நகத்துக்குக் கீழே நூல் மாதிரி ஒரு வெள்ளைக்கோடு இருந்தது. நுஹ்மான் அதை இதுவரை கண்டதில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லியே" என்றான் ஷிஃபான் போனைப் பார்த்து.

"எனக்கு ஈக்கு வாப்பா" என்றது போன்.

"உங்க அண்ணன் தம்பிமாருக்குச் சுன்னத்து வச்சப்ப ரொம்ப ரத்தம் போச்சா?"

"ஒரு நானாதான் டொக்டர், நப்லான் நானா. மூணாம் நாள் கொய்யா மரத்துல ஈந்தாரு. உம்மா கீழ நிண்டு ஏசினது இன்னும் காதுல கேக்குது. உம்மாட தம்பிமாருக்கும் ஒண்ணும் இல்ல."

"நல்லது. இப்ப கிட்டத்துல? பல்லு விழுந்திருக்கு. வேற வெட்டுக்காயம், தையல்?"

 குவைத்துக்குப் போன பிறகு வந்த வருஷங்கள் றுக்ஸானாவிடம் இல்லை. டொக்டர் நுஹ்மானைப் பார்த்தார். றமீஸா ஜன்னலைப் பார்த்தாள்.

நுஹ்மானுக்குத் தெரியும். போன வருஷம் மழை நாளில் ஷிஃபான் மதிலிலிருந்து வழுக்கி விழுந்து, மோவாய் அடிபட்டு நாடி வெடித்தது. தைத்தார்கள். அன்றைக்குப் பின்னேரம் றுக்ஸானா போனில் அழைத்தபோது, "நல்லா ஈக்கான், ஒறங்குறான்" என்று சொல்லிவிட்டான். காயம் ஆறும் வரைக்கும் வீடியோவில் நாடி தெரியாதபடி கமராவைப் பிள்ளையின் நெற்றிக்கு மேலேயே பிடித்தான். தூரத்தில் இருக்கிறவளுக்கு என்னத்துக்கு அதைச் சொல்லி, என்று நினைத்தான். அதுவும் நல்லெண்ணம்தான்.

"நாடியில மூணு தையல் டொக்டர்" என்றான், போனைப் பார்க்காமல். "போன வருஷம்."

"ரத்தம் நின்னுச்சா?"

"துணிய வெச்சு அமுக்கிக்கிட்டுப் போனோம். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நிண்டிரிச்சி. தையல் வெட்டுறப்பவும் ஒரு சொட்டு வரல்ல."

டொக்டர் ஷிஃபானின் நாடியைத் தூக்கிப் பார்த்தார். "இத ஏன் மொதல்லயே சொல்லல? நூறு டெஸ்டுக்குச் சமம் இது."

போன் மேசையில் கிடந்தது. இணைப்பு இருந்தது, திரையில் விநாடிகள் ஓடின.

"சரி, இந்த ரத்தம் எப்புடி லெப்புக்குப் போச்சு?"

இதற்கு மட்டும் நுஹ்மானிடம் நல்ல பதில் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒரு பழுதும் வராம டொக்டர். ஐஸ்ல வெச்சுத்தான் கொண்டு போனேன்."

"ஐஸ்ல."

"மீன் ஐஸ். நல்ல ஐஸ்."

டொக்டர் கமலாட்சி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்கிய பிறகு பேசினார். உறைவதற்கு உதவுகிற சத்துகள் சில குளிரில் அப்படியே வைத்தால் குறைந்துபோகும் என்றார். சும்மா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக வந்திருந்தாலே போதும்; ஐஸில் ரத்தம் உறைய நேரம் கூடித்தான் காட்டும். அது பிள்ளையின் ரத்தம் அல்ல, பாரை மீனுக்குப் பக்கத்தில் படுத்திருந்த ரத்தம்.

"இங்கேயே திரும்ப எடுப்போம். நல்லா வந்தாலும் இந்த டெஸ்டுல எல்லா வருத்தமும் தெரியாது. ஆனா நீங்க ரெண்டு பேரும் சொன்னதோட சேத்துப் பாத்தா எனக்குப் போதும்."

ரெண்டு பேரும் என்று அவர் சொன்னது நுஹ்மானுக்குக் கேட்க நன்றாக இருந்தது. போனை எடுத்துப் பார்த்தான். றுக்ஸானா வைத்துவிட்டிருந்தாள்.

*

ஷிஃபானின் கையில் ஊசி குத்தினார்கள். இந்தத் தடவை அவன் அழவில்லை; குழாய் நிரம்புவதை எட்டிப் பார்த்து, "இதயும் மீன் பெட்டியிலயா வெக்கிற?" என்று கேட்டான். ஆஸ்பத்திரி ஆள் அதை வாங்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்கு நடந்தே போனார்.

றிப்போட் வந்ததும் டொக்டர் ஒரு தடவைதான் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. வெட்டலாம்" என்றார். நுஹ்மான் இன்னும் ஏதாவது வரும் என்று காத்து நின்றான். டொக்டர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்.

றமீஸா ஆஸ்பத்திரி வாசலிலேயே வட்டிலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டி எவ்வளவு வேண்டும், பந்தலுக்கு யாரைப் பிடிக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள். "உன்ட பொண்டாட்டிக்குப் படுக்க எந்தக் காம்பிரா? முன் காம்பிராவ ஒழுங்கு பண்ணவா?" என்றாள். சாடை பேசுகிறாளோ என்று பார்த்தான். இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

பிள்ளையையும் ராத்தாவையும் ஓட்டோவில் அனுப்பிவிட்டு, மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்த மரத்தடியில் நின்று அழைத்தான். அவள் எடுத்தாள். பின்னால் எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம். குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"வெட்டலாமாம்" என்றான்.

"அல்ஹம்துலில்லாஹ்." தண்ணீர்ச் சத்தம் நின்றது. "நாடியில எந்தப் பக்கம்?"

"நடுவுலதான். தாடி வந்தா தெரியாது."

"பகிடி விடாதீங்க."

"சரி."

"தைக்கிறப்ப அழுதானா?"

"அழுதான்."

"யாரக் கூப்பிட்டான்?"

நுஹ்மான் ரோட்டைப் பார்த்தான். இரத்தோட்டை பஸ் ஒன்று ஆட்களை அடைத்துக்கொண்டு திரும்பியது. உன்னத்தான் என்று சொல்லலாம். சொன்னால் அவள் நம்ப விரும்புவாள்.

"ராத்தாவ" என்றான்.

 அழுகிறாளா என்று கேட்க நினைத்தான், கேட்கவில்லை. பெட்டியின் மேல் படிந்திருந்த செதில் ஒன்றை நகத்தால் சுரண்டினான்.

"றுக்ஸானா. டிக்கட் போடவா? வாறியா?"

"வரல்ல" என்றாள்.

அவள் குரல் உடையவில்லை.

"பத்து நாளைக்கு வந்தா, அவன் என்னோட பேசத் தொடங்கவே அஞ்சு நாள் போகும். மத்த அஞ்சு நாளும் என்ட மடியில கிடப்பான். கட்டு அவுக்க முந்தி நான் ஏர்போட்டுக்குப் போகணும். முதல் தரம் அவன் ஒறங்குறப்ப போனேன், அவனுக்குத் தெரியாது. இந்தத் தரம் தெரியும். எனக்கு ஏலா. டெஸ்ட் சரியில்லன்னு நீங்க சென்ன அன்னைக்கு, புள்ளைக்கு வருத்தமோன்னு பயந்துக்கிட்டே, வராம ஈக்க ஒரு காரணம் கெடச்சிச்சேன்னும் நெனச்சேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். வெட்டுறப்ப ராத்தா அவன்ட தலமாட்டுல ஈக்கட்டும், அவன் கூப்புடுற ஆள் அவதான். நோன்புக்கு முந்தி என்ட எக்ரிமென்ட் முடியுது, திரும்ப கையெழுத்து வெக்க மாட்டேன்னு மேடத்துக்குச் சென்னேன், இப்பத்தான், நீங்க கோல் எடுக்க முந்தி. அப்ப வாறேன். வந்தா போகமாட்டேன். இப்ப வரல்ல."